கால் வழுக்கிடுச்சு

அந்தப் பக்கம் போகாதீங்கம்மா. நில்லுங்க, உங்களைத்தான் சொல்றேன். சண்டை போட வரலை.

நாலு நாளாப் பாத்துக்கிட்டு இருக்கேன். என் வீட்டு கேட் கிட்ட வந்ததும் நாய்க்குட்டியைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கம் போயிடுறீங்க. தெருவுல சொல்லியிருப்பாங்க, பதினாலாம் நம்பர் கிழவன் நாய் வளக்குறவங்களைக் கண்டா விடமாட்டான்னு. பொய்யில்லை. கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். இப்ப இல்லை. இந்தச் சேர்ல உக்காருங்க. குட்டியைக் கீழ விடுங்க, மோந்து பாக்கட்டும். அது இங்கயே போனாலும் பரவாயில்லை. மணல் இருக்கு, முறம் இருக்கு. மேல மணலைத் தூவி ரெண்டு நிமிஷம் விட்டு அள்ளினா ஒட்டாம வந்துடும். இந்த பிளாட்பாரம் பூரா, அந்தக் கோடி டிரான்ஸ்ஃபார்மர்லருந்து பிள்ளையார் கோயில் வரைக்கும், தினம் நான்தான் அள்ளுறேன். ஆறு மணிக்கு ஆரம்பிச்சா ஏழுக்கு முடிச்சிடுவேன்.

குடியிருப்போர் சங்கத்துல போன மாசம் எனக்குப் பொன்னாடை போத்தினாங்க. சமூக சேவையாம். வேண்டாம்னுதான் சொன்னேன், கேக்கலை.

அந்தக் கல்லை மட்டும் மிதிக்காதீங்க. கேட்டுலருந்து மூணாவது. இல்ல இல்ல, ஒண்ணும் இல்ல, சுத்தமாத்தான் இருக்கு. தினம் பினாயில் ஊத்திக் கழுவுறேன். இருந்தாலும் மிதிக்காதீங்க. அங்கதான் என் வீட்டுக்காரி விழுந்தா.

நீங்க பதினேழாம் நம்பர் மாடியிலதானே குடி வந்திருக்கீங்க? அந்த மாடியில இருக்குறதாலதான் உங்களைக் கூப்பிட்டேன். உங்களுக்கு முன்னாடி அங்க இருந்தவங்க பேரு புளோரா டீச்சர். தெரியும், அவங்க பேருக்கு இன்னும் தபால் வருது, நீங்க அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்றீங்கன்னு ஓனர் சொன்னாரு. கார்ப்பரேஷன் ஸ்கூல்ல கணக்கு டீச்சர். கல்யாணம் பண்ணிக்கலை. ஒரு நாய் வெச்சிருந்தாங்க, டாலின்னு. பழுப்பு நிறம். பதிமூணு வயசு. பின்னங்கால் ரெண்டும் தளந்து போய், நடக்கும்போது ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகும்.

எனக்கு நாய் மேல கோவம்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அப்படி இல்லம்மா. எனக்கு எதுவும் ஒழுங்கா இருக்கணும், அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை, தெருவுல ஏழெட்டு நாய் சேந்துடுச்சுன்னு கார்ப்பரேஷனுக்கு எழுதிப் போட்டேன். வேன் வந்து பிடிச்சிட்டுப் போனாங்க. அதுல ஒண்ணு குட்டி போட்டு பத்து நாள்தான் ஆகியிருந்துச்சாம், எனக்கு எப்படித் தெரியும்? ரஞ்சிதம் அன்னைக்குப் பூரா சாப்பிடலை. கேட்டா வயித்து வலின்னா. ஓம வாட்டர் வாங்கிக் குடுத்தேன்.

ரஞ்சிதம்தான் என் வீட்டுக்காரி. மனோரஞ்சிதம். முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தினோம். அவளை ஒரு வார்த்தை அதட்டினது கிடையாது நான். யாரை வேணா கேட்டுப் பாருங்க. இப்படித்தான் செய்யணும்னு சொல்லுவேன், அவ செஞ்சிடுவா, அதட்டுறதுக்கு என்ன இருக்கு?

போன வருஷம் கார்த்திகை மாசம். ராத்திரியெல்லாம் மழை பேஞ்சு விடியக்காலை விட்டிருந்துச்சு. நான் ஏழு மணிக்குத்தான் எந்திரிப்பேன், அது என் பழக்கம். அன்னைக்கு மட்டும் வெறும் வயித்துல சக்கரை டெஸ்ட் குடுக்கணும்னு அஞ்சரைக்கே எந்திரிச்சிட்டேன். நான் பல் விளக்குறேன், சட்டை மாட்டுறேன், அவ ஹாலுக்கும் வாசலுக்குமா நடந்துக்கிட்டே இருக்கா. என்னன்னா ஒண்ணுமில்லேங்குறா. ஆறு மணிக்குக் கேட்டைத் திறந்து வெளிய வர்றேன், இந்த மூணாவது கல்லு மேல நாய் அசிங்கம் பண்ணி வெச்சிருக்கு. புதுசா. சூடு ஆறலை.

எனக்கு உடனே டாலிதான் ஞாபகம் வந்துச்சு. சாயங்காலத்துல ரெண்டு மூணு தடவை அது நம்ம கேட் கிட்ட நின்னுக்கிட்டு இருக்குறதைப் பாத்திருக்கேன். டீச்சர் கயித்தை இழுப்பாங்க, அது நகராது. வேற எந்த நாய் நம்ம கேட்டை வந்து பாக்குது? அப்ப அதுதானே?

ரஞ்சிதத்தைக் கூப்பிட்டேன். "பாரு, டீச்சரம்மா நாய் பண்ணியிருக்குற வேலையைப் பாரு" ன்னேன்.

அவ பாத்தா. "மழையில எந்த நாயோ. நீங்க கிளம்புங்க, நான் எடுத்துடுறேன்" ன்னா.

"தொடாதே. நான் திரும்பி வந்து அந்தம்மாவையே கூட்டிக்கிட்டு வந்து எடுக்க வெக்கிறேன். யாரும் தொடக்கூடாது" ன்னேன்.

"விடுங்களேன். ஒரு வாளித் தண்ணி ஊத்தினா போயிடும்."

"இன்னைக்கு நீ எடுத்தா நாளைக்கும் நீதான் எடுக்கணும். இருக்கட்டும் அப்படியே."

நீங்களே சொல்லுங்கம்மா, நான் சொன்னது நியாயம்தானே? யார் நாயோ அவங்கதானே எடுக்கணும்? நீங்க எடுக்குறீங்க, கையில கவர் வெச்சிருக்கீங்க, பாக்குறேன்ல. அதைத்தான் நானும் சொன்னேன்.

டெஸ்ட் குடுத்துட்டு ஏழேகாலுக்குத் திரும்பி வர்றேன், அவ இந்தக் கல்லு மேல கிடக்குறா. பக்கத்துல முறம். மணல் கொட்டிக் கிடக்கு. புடவையெல்லாம் அசிங்கம். எந்திரிக்க முடியலை அவளால. வாயைத் திறந்து கத்தக்கூட இல்லை. என்னைப் பாத்துக்கிட்டே கிடந்தா.

இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சு. ஆபரேஷன் பண்ணாங்க. டாக்டர் எப்படி விழுந்தீங்கம்மான்னு கேட்டாரு. "கால் வழுக்கிடுச்சு" ன்னா. ஓசூர்லருந்து பொண்ணு வந்தா, அவளும் கேட்டா. "கால் வழுக்கிடுச்சும்மா." பாக்க வந்த ஒவ்வொருத்தருக்கும் அதே சின்னச் சிரிப்பு, அதே பதில். கால் வழுக்கிடுச்சு. கால் வழுக்கிடுச்சு. ஒன்பது வாரம் படுக்கையில இருந்தா. அப்புறம் நெஞ்சுல சளி கட்டி, தை மாசம் போயிட்டா.

படுத்திருந்தப்ப என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "டீச்சரை ஒண்ணும் சொல்லிடாதீங்க." ரெண்டு தடவை சொன்னா. இளகின மனசு, அப்படித்தான் சொல்லுவான்னு நான் நினைச்சேன்.

காரியம் முடிஞ்ச மறுநாள் டீச்சர் வந்தாங்க. வெள்ளைப் புடவை, கையில ஒரு சின்னப் பை. டாலியைக் கூட்டிக்கிட்டு வரலை. நான் இந்தக் கேட்டைத் திறக்கலை. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவங்க. "உங்க நாயாலதான் என் வீட்டுக்காரி போய்ச் சேந்தா. உள்ள வராதீங்க" ன்னேன்.

அவங்க ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லலைம்மா. என் நாய் இல்லைன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை. கீழ குனிஞ்சு அந்தக் கல்லைப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. "சரிங்க சார்" னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. தப்பு இல்லேன்னா மனுஷங்க சும்மா இருப்பாங்களா? நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

அதுக்கப்புறம் தினம் காலையில அதே கல்லு மேல அசிங்கம் இருக்கும். முன்னெல்லாம் ஒரு நாளும் நான் பாத்ததில்லை, அவ படுக்கையில இருந்தப்ப வாசலைக் கவனிக்கவே இல்லை. அவ போனப்புறம் தினம். வேணும்னே பண்றாங்கன்னு தோணுச்சு எனக்கு. துக்க வீடுன்னுகூடப் பாக்காம வேணும்னே கூட்டிட்டு வந்து விடுறாங்கன்னு. ஒரு போர்டு எழுதி மாட்டினேன். கார்ப்பரேஷனுக்கு ரெண்டு தடவை எழுதினேன். வாட்ஸ்அப்புல தெரு குரூப் இருக்கு, அதுல டாலி போட்டோவைப் போட்டேன். அது சாயங்காலத்துல வந்து நம்ம கேட் கிட்ட நின்னு உள்ள எட்டிப் பாக்கும்ல, அதைத்தான் போட்டோ எடுத்தேன். ஒரு போட்டோ இல்லை, பதினோரு போட்டோ. கீழ எழுதினேன், ஒரு உயிரைக் குடிச்சும் அடங்கலைன்னு.

டீச்சர் அந்த குரூப்புல இருந்தாங்க. பதில் போடலை.

அப்புறம் டாலியைத் தெருவுக்குக் கொண்டு வர்றதையே விட்டுட்டாங்க. மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போவாங்களாம். அந்த மாடிப்படி உங்களுக்குத் தெரியும், எவ்வளவு செங்குத்து. அறுபது வயசுக்கு மேல ஆன பொம்பளை, இருபது கிலோ நாயைத் தூக்கிக்கிட்டு ஏறுவாங்க, இறங்குவாங்க. எனக்கு அப்ப இது தெரியாது. தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு கேட்டீங்கன்னா, அதுவும் தெரியலை.

டாலி வெளிய வராம போனப்புறமும் கல்லு மேல அசிங்கம் நிக்கலை. அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கலை. நான் பாக்காத நேரத்துல கொண்டு வர்றாங்கன்னு நினைச்சேன். ஓனரைப் போய்ப் பாத்தேன். அவரு எனக்கு வேண்டியவரு. "இந்தம்மாவைக் காலி பண்ணச் சொல்லுங்க, இல்லேன்னா தெருவே சேந்து எழுதிக் குடுப்போம்" ன்னேன். அவரு ரெண்டு மாசம் டைம் குடுத்தாரு. அந்த ரெண்டு மாசத்துக்குள்ள, ஆனியில, டாலி செத்துப் போச்சு. ஆடி பொறந்ததும் டீச்சர் காலி பண்ணிட்டாங்க. திருச்சியில தங்கச்சி வீடு.

கிளம்புற அன்னைக்கு வேன் நிக்குது. கட்டில், பீரோ, அட்டைப்பெட்டி பூரா புஸ்தகம். எல்லாம் ஏத்தியாச்சு. டீச்சர் மட்டும் நடந்து இங்க வந்தாங்க. நான் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டு இருக்கேன். கேட்டைத் தட்டலை, கூப்பிடலை. அந்தக் கல்லுக்குப் பக்கத்துல நின்னாங்க. கும்பிடுற மாதிரி கையைக்கூடச் சேக்கலை. சும்மா நின்னுட்டுப் போய் வேன்ல ஏறிட்டாங்க.

மறுநாள் காலையில அதே கல்லு மேல.

நான் இந்த இடத்துல எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியலைம்மா. பால்காரர் வந்து "என்ன சார், உடம்பு சரியில்லையா" ன்னு கேட்டாரு.

அடுத்த நாள் அஞ்சரைக்கே சேரைப் போட்டு கேட்டுக்கு உள்ள உக்காந்துட்டேன். அஞ்சேமுக்கால் இருக்கும். அதோ, தார்பாய் போட்டு மூடி ஒரு பழைய கார் நிக்குதுல்ல, அதுக்கு அடியிலருந்து ஒரு நாய் வந்துச்சு. வெள்ளை. இடது காது கிழிஞ்சிருக்கும். நேரா நம்ம கேட்டுக்கு முன்னால வந்து உக்காந்துச்சு. குரைக்கலை. கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. பத்து நிமிஷம். யாரும் வரலைன்னதும் எந்திரிச்சு அந்த மூணாவது கல்லுக்குப் போச்சு, குந்துச்சு, திரும்பி ஒரு தடவை கதவைப் பாத்துட்டுப் போயிடுச்சு.

நம்ம தெருவைப் பெருக்குறது தேசம்மா, பாத்திருப்பீங்க. அவகிட்ட, "இந்த வெள்ளை நாய்தான் தேசம்மா. வேனுக்குச் சொல்லிடுறேன்" ன்னேன்.

அவ துடைப்பத்தைக் கீழ வெச்சிட்டா. "இன்னா சார் நீ, அது உங்க வூட்டம்மா இட்லி போட்டு வளத்த நாயி சார்" னா.

"எந்த வீட்டம்மா?"

"உன் சம்சாரந்தான். ரெண்டு வருசமா. நீ தூங்கி எந்திரிக்கிறதுக்குள்ள இட்லி போட்டு, அது பேண்டா அதையும் அள்ளிப் போட்டுட்டு, தண்ணி ஊத்தி வுட்டுரும். நான் பெருக்க வரச்சொல்ல இந்தக் கல்லு மட்டும் ஈரமா இருக்கும். சாருக்குத் தெரிய வேணாம் தேசம்மான்னு சொல்லும். வேன் வந்து இட்டுனு போச்சே, அந்த நாயோட குட்டிதான் இது. எல்லாம் செத்துப் போயி இது ஒண்ணுதான் பொழைச்சுது. மாட்டுப் பால ஊத்தி பொழைக்க வெச்சுது உங்க வூட்டம்மா."

"இத்தனை நாள் ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ எங்க சார் கேட்டே? டீச்சரம்மாவும் சொல்லாதன்னுச்சு. எனுக்கு இன்னாத்துக்கு வம்பு."

டீச்சர் சொல்லாதேன்னாங்களாம். அது எனக்குப் புரியலை. ஓனர்கிட்ட நம்பர் வாங்கி திருச்சிக்குப் போன் பண்ணேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். பேரைச் சொன்னதும், "சொல்லுங்க சார், நல்லாயிருக்கீங்களா" ன்னாங்க.

"வெள்ளை நாய் விஷயம் தெரிஞ்சு போச்சு டீச்சர்" ன்னேன்.

அவங்க கேட்டாங்க. "வேனுக்குச் சொல்லிட்டீங்களா சார்?"

"இல்லை."

"சொல்லிடாதீங்க. ரஞ்சிதம் என்கிட்ட ஆஸ்பத்திரியில கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா வெள்ளையம்மாவைப் பிடிச்சுக் குடுத்துடுவீங்கன்னு பயந்தாங்க. நான் வாயைத் திறக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தேன்."

அந்த நாய்க்குப் பேரு வெச்சிருக்கா. வெள்ளையம்மாவாம். ரெண்டு வருஷம் என் வீட்டு வாசல்ல ஒரு உயிர், அதுக்கு ஒரு பேரு, எனக்குத் தெரியாது. டாலி நம்ம கேட்டுல வந்து நின்னது எதுக்குன்னு அப்பதான் தெரிஞ்சுது. சாயங்காலம் நான் லைப்ரரிக்குப் போனதும் ரஞ்சிதம் அதுக்கு பிஸ்கெட் போடுவாளாம். டீச்சரும் அவளும் கேட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்னு ஒரு மணி நேரம் பேசுவாங்களாம். என்ன பேசுவீங்கன்னு கேட்டேன். "எல்லாம்தான் சார்" ன்னாங்க. அவ செத்த பிறகும் அந்த நாய் பிஸ்கெட்டுக்கு வந்து நின்னிருக்கு. அதைத்தான் நான் பதினோரு போட்டோ எடுத்திருக்கேன்.

இன்னொண்ணு சொன்னாங்க. கேட்டுத் தாழ்ப்பாளுக்கு வாரா வாரம் தேங்காயெண்ணெய் போடுவாளாம். சத்தத்துல நான் முழிச்சிக்கக் கூடாதுன்னு. என் வீட்டுத் தாழ்ப்பாள் ஏன் இவ்வளவு நைசா இருக்குன்னு நான் யோசிச்சதே இல்லைம்மா. நல்ல தாழ்ப்பாள்னு நினைச்சேன்.

இப்ப அந்தச் சத்தம் எனக்குக் கேக்குது. எண்ணெய் போடாம இறுகிக் கிடக்கு, அந்த நேரத்துல யாரும் தொடுறதில்லை, ஆனாலும் அஞ்சேமுக்காலுக்கு டக்குனு தாழ்ப்பாள் நகருற சத்தம் கேட்டு முழிச்சிக்குறேன். போய்ப் பாத்தா போட்டது போட்டபடி இருக்கும். வெளிய வெள்ளையம்மா உக்காந்திருக்கும். இட்லியைப் பிட்டு வெக்கிறேன். அது என்னைப் பாக்காது. எனக்குப் பின்னால வாசப்படியைப் பாக்கும். அது பாக்குற பாவனையில நானும் ஒவ்வொரு நாளும் திரும்பிப் பாக்குறேன். ஒண்ணும் இருக்காது. நான் உள்ள போனப்புறம்தான் இட்லியைத் தொடும்.

அதுலருந்துதான் அள்ள ஆரம்பிச்சேன். முதல்ல இந்தக் கல்லு மட்டும். அப்புறம் பக்கத்து வீடு. அப்புறம் நிறுத்த முடியலை. எங்க பாத்தாலும் அங்க யாரோ காலை வெக்கப் போறாங்கன்னு தோணுது. ஒரு பொம்பளை செருப்புப் போட்டுக்கிட்டு நடந்து வந்தா என் கண்ணு அவங்க காலுலதான் இருக்கு. போன வாரம் ஒருத்தர் "என்னய்யா பாக்குறே" ன்னு சட்டையைப் பிடிச்சிட்டாரு. அவரு வீட்டுக்காரியோட காலைப் பாத்திருக்கேன்.

ஓனர்கிட்டயும் நான்தான் சொன்னேன். நாய் வெச்சிருக்குறவங்க வந்தா தாராளமாக் குடுங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்னு. உங்களுக்கு அந்த மாடி கிடைச்சது அப்படித்தான்.

இருங்க, கிளம்பாதீங்க. இன்னும் ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன், இவ்வளவு நேரம் சுத்திச் சுத்திப் பேசிட்டேன்.

அன்னைக்கு போன்ல டீச்சர் கடைசியா ஒரு கேள்வி கேட்டாங்க. "சார், ரெண்டு வருஷமா அவங்க அந்தக் கல்லைச் சுத்தம் பண்ணாங்க. மழையிலயும் பண்ணியிருக்காங்க. எப்பவும் இடது கையில கேட் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் குனிவாங்க. நானே பாத்திருக்கேன். அவ்வளவு கவனமா இருக்குறவங்க அன்னைக்கு எப்படி சார் விழுந்தாங்க? எனக்கு அது மட்டும் புரியலை. தூக்கம் வரலை சார் அதை நினைச்சா."

நான் சொன்னேன், "தெரியலை டீச்சர். நான் வர்றதுக்குள்ள விழுந்துட்டா."

பொய்ம்மா அது.

நான் ஏழேகாலுக்கு வரலை. ஏழு மணிக்கே வந்துட்டேன். தெருமுனை திரும்பினதும் பாக்குறேன், அவ கேட்டுக்கு வெளிய நிக்குறா. ஒரு கையில முறம், இன்னொரு கையில கம்பியைப் பிடிச்சிருக்கா. மணல் தூவி முடிச்சிட்டா, அள்ளப் போறா. நான் தொடாதேன்னு சொல்லிட்டுப் போனதை அவ எடுக்கப் போறா. எனக்கு எங்கிருந்து வந்துச்சோ அவ்வளவு கோவம். கத்தினேன். "ரஞ்சிதம், தொடாதேன்னு சொன்னேன்ல."

எனக்குக் குரல் பெருசும்மா. முப்பத்தோரு வருஷம் மெஷின் ஷாப்புல வேலை பாத்தவன். அங்க கத்தினாத்தான் பக்கத்துல நிக்குறவனுக்குக் கேக்கும். இந்தத் தெருவுல அந்த நேரத்துல ஒரு வண்டி கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. என் குரல் மட்டும் போச்சு அவகிட்ட.

திடுக்குனு நிமிந்தா. கம்பியிலருந்து கையை எடுத்துட்டா. எடுத்து, முறத்தை முதுகுக்குப் பின்னால மறைச்சா. திருடிட்டு மாட்டிக்கிட்ட மாதிரி. மறைச்சுக்கிட்டே அந்தக் கல்லு மேல ஒரு அடி பின்னால வெச்சா.

அவ்வளவுதான்.

நான் ஓடி வந்தேன். என்னைப் பாத்துக்கிட்டே கிடந்தான்னு சொன்னேன்ல, அது நிஜம். தூக்கப் போனேன், "இருங்க, சட்டையில படும்" ன்னா. அதுக்கப்புறம் டாக்டர் கேட்டாரு, பொண்ணு கேட்டா. நான் கட்டில் பக்கத்துலயே நிக்குறேன். அவ என் பக்கம் திரும்பாமயே சொல்லுவா, கால் வழுக்கிடுச்சுன்னு. அந்த ஒன்பது வாரத்துல நாங்க ரெண்டு பேர் மட்டும் இருந்த நேரம் எவ்வளவோ. ஒரு நாள்கூட நீங்க ஏன் கத்தினீங்கன்னு அவ கேக்கலை. எனக்கும் சொல்ல வாய் வரலை. இன்னைக்குச் சொல்லிடுவோம், நாளைக்குச் சொல்லிடுவோம்னு இருந்தேன். கடைசியில அவ என்கிட்டயே அதைச் சொன்னா. போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, தண்ணி குடுத்தேன், குடிச்சிட்டு, "வருத்தப்படாதீங்க, கால் வழுக்கிடுச்சு" ன்னா.

என் பொண்ணுக்குத் தெரியாது. தேசம்மாவுக்குத் தெரியாது. உங்ககிட்டத்தான் முதல்ல சொல்றேன். உங்க பேருகூடக் கேட்டுக்கலை நான், பாருங்க.

உங்ககிட்ட டீச்சர் நம்பர் இருக்குல்ல. தபால் விஷயமாப் பேசும்போது இதையும் சொல்லிடுங்கம்மா. பதினாலாம் நம்பர்க்காரர் சொன்னாரு, இப்படித்தான் நடந்துச்சாம், அவரு கத்தினதுலதான் விழுந்தாங்களாம்னு. அவங்க தூக்கம் வரலைன்னாங்க. தெரிஞ்சா தூங்குவாங்க. நீங்க சொன்னா நல்லா எடுத்துச் சொல்லுவீங்க, படிச்ச பொண்ணு.

என்ன?

நானே பேசணுமா? இல்லம்மா, என்னால முடியாது. நாலு தடவை போனை எடுத்து எடுத்து வெச்சிட்டேன். அந்தம்மா, நல்லாயிருக்கீங்களா சார்ன்னு கேப்பாங்க. அதைக் கேட்டதும் எனக்கு வேற பேச்சுதான் வரும்.

நீங்களே போட்டுத் தர்றீங்களா? இப்பவா? ஸ்கூலுக்கு... இல்ல, ரிட்டயர் ஆயிட்டாங்க. எந்திரிச்சிருப்பாங்க. காலையில சீக்கிரம் எந்திரிக்கிறவங்கதான்.

குட்டியைப் பிடிச்சுக்கட்டுமா நான்? சரி, இங்க வா. சாதுவா இருக்கே. உக்காரு.

ரிங் போகுதா?

குடுங்க. இல்ல, நீங்க போகவேணாம், இங்கயே இருங்க.

டீச்சர், வணக்கம். நான் தணிகாசலம் பேசுறேன். பதினாலாம் நம்பர். ஆமா. உங்க மாடியில வந்திருக்குற பொண்ணோட போனு. நல்லாயிருக்கேன். வெள்ளையம்மாவும் நல்லாயிருக்கு, காலையிலகூட வந்துச்சு. ஆமா, ரெண்டு இட்லி. இல்ல டீச்சர், அதுக்காகப் போன் பண்ணலை. அன்னைக்கு ரஞ்சிதம் எப்படி விழுந்தான்னு கேட்டீங்கல்ல. அவ விழும்போது நான் தெருமுனையில நின்னுக்கிட்டு இருந்தேன்.